இருக்கை நடுவில் உள்ள கனூவைத் தோளில் காவுவதற்கு நுகம் எப்படி அமைய வேண்டும்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். கனடாவிலிருந்து மாமா கொள்கலனில் அனுப்பிய 14 அடித் தனியாள் கனூ (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) ஒன்று யாழ்ப்பாணத்து அராலியில் உங்களிடம் இருக்கிறது. பைபர்கிளாஸ் உடல், எடை ஏறக்குறைய 20 கிலோ. வீட்டிலிருந்து பரவைக்கடல் (ஆழம் குறைந்த கடலேரி) அரைக் கிலோமீற்றர். படகைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக் கொண்டு போகிறீர்கள். இருக்கை தலையில் இடிக்காமல் இருப்பதற்காக, நடுவிலிருந்து ஐந்து அங்குலம் முன்னால் ஒரு நேர்த்தடியைக் கட்டி, அதில் ஸ்பொஞ்ச் சுற்றியிருக்கிறீர்கள். தடி தோளில் வழுக்குகிறது, பாதி ஒழுங்கை போவதற்குள் கழுத்தும் கைகளும் விட்டுப்போகின்றன. எந்த நுகம் (கவிழ்த்த படகைத் தோளில் தாங்கும் குறுக்கு மரம்) சுகமானது, எந்த மெத்தை நல்லது, இணையத்தில் வாங்குவதா இங்கேயே செய்விப்பதா என்பது கேள்வி. நான் படித்தவரையில், மெத்தையை மாற்றினால் உங்கள் வலி அதிகம் குறையாது. தடி இருக்கும் இடம் பிழை, தடியின் வடிவமும் பிழை. அவை இரண்டும் சரியான பிறகுதான் மெத்தையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது.

ஒன்ராறியோவில் பல ஆண்டுகள் கனூக்களைப் பழுதுபார்த்து வாடகைக்கு விடும் பட்டறையில் வேலை செய்தேன். அங்கே ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் படகைக் காவிச் செல்வதற்கென்றே காட்டுப்பாதைகள் உண்டு. 1893இல் அமைந்த அல்கொன்குவின் பூங்காவில் ஒவ்வொரு பாதையின் தொடக்கத்திலும் அதன் நீளத்தை மீற்றரில் எழுதிய மஞ்சள் பலகை நிற்கும். வாடகைக்கு எடுத்தவர்கள் திரும்பி வந்து சொல்லும் முறைப்பாடுகளில் பெரும்பங்கு தோளைப் பற்றியதுதான். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். உங்கள் படகை நான் பார்க்கவில்லை. நான் வைத்தியரும் அல்லன். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது சமநிலை பற்றியது, ஏனென்றால் அது வெறும் கணக்கு. படகின் எடை மையத்திலிருந்து ஐந்து அங்குலம், அதாவது 12 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக முன்னால் தோள் இருந்தால், பின்பக்கம் கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்க நீங்கள் இரு கைகளாலும் முன்பக்கத்து விளிம்பைக் கீழே இழுத்துப் பிடிக்கிறீர்கள். கைகள் தோளிலிருந்து 40 சென்ரிமீற்றர் முன்னால் இருப்பதாக வைத்தால், 20 கிலோப் படகுக்கு 6 கிலோ அளவு இழுக்க வேண்டும். அந்த 6 கிலோவும் காற்றில் கரைந்து போவதில்லை, தோளில்தான் வந்து இறங்குகிறது. ஆக, 20 கிலோப் படகை நீங்கள் 26 கிலோவாக்கிக் காவுகிறீர்கள், கைகளையும் சும்மா விடாமல். தோள் மையத்துக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாக, 2 சென்ரிமீற்றர் மட்டும் முன்னால் இருந்தால் இதே கணக்கில் 1 கிலோ இழுவை போதும். ஒரு கையின் இரண்டு விரல்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். அணியம், அதாவது படகின் முன்முனை, சற்று மேலே எழுந்து நிற்பதால் வழியும் தெரியும். மாறாக, தோள் மையத்துக்குப் பின்னால் போய்விட்டால் அணியம் கண்ணுக்கு முன்னால் இறங்கிவிடும். அதைக் கைகளால் மேலே தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவது கைக்கு வெகு சீக்கிரம் அலுப்பைத் தரும்.

மையத்தைக் கண்ணளவில் தீர்மானிக்க வேண்டாம். நீளத்தின் பாதி மையமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, இருக்கையின் எடை அதைச் சற்றே பின்னுக்கு இழுத்திருக்கும். வெறும் படகை நிமிர்த்தி வைத்து, அடியில் குறுக்காக ஒரு பிவிசி குழாயைக் கொடுத்து, இரண்டு முனைகளும் நிலத்தைத் தொடாமல் நிற்கும் இடம் வரும்வரை முன்னும் பின்னும் உருட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் சாயாமல் பிடித்துக்கொள்ளட்டும். அந்த இடத்துக்கு நேரே விளிம்பில் சோக்கால் கோடு போடுங்கள். துடுப்பையும் நீர் இறைக்கும் வாளியையும் படகுக்குள் கட்டிக்கொண்டுதான் போவீர்கள் என்றால் அவற்றையும் கட்டிவிட்டே அளக்க வேண்டும். இன்னொன்று: கோட்டுக்கு நேராக வர வேண்டியது மரத்தின் நடு அன்று, தோள் படும் இடத்தின் நடு. மெத்தை மரத்திலிருந்து முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி நிற்கும் வகை நுகங்களில் இதைப் பலர் கவனிப்பதில்லை.

இருவர் ஓட்டும் கனூவில் நடுவில் யாரும் உட்காருவதில்லை. அங்கே நுகத்தை நிரந்தரமாகப் பூட்டிவிடலாம், அதுவே படகைக் குறுக்காகத் தாங்கும் சட்டமாகவும் இருக்கும். தனியாள் கனூவில் ஓட்டுபவரின் இடமும் தோளின் இடமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இருக்கை நடுவுக்குச் சற்றுப் பின்னால் தொடங்கும். முழங்காலும் தொடையும் நடுவில் வரும். அங்கே நிரந்தரமாக ஒரு தடி இருந்தால் ஏறி இறங்கச் சிரமம். படகு கவிழ்ந்தால் கால் அதில் மாட்டிக்கொள்ளும். பரவைக்கடலில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான் என்றாலும், கால் சிக்கியவனுக்கு இடுப்பளவும் ஆழம்தான். ஆகவே தனியாள் படகுக்குக் கழற்றிப் பூட்டும் நுகம்தான் சரி. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கழற்றிப் பூட்டும் நுகத்தின் உயிர் கிளாம்பில் இருக்கிறது. விளிம்பின் மேல் மரம் உட்கார்ந்து, கீழிருந்து ஒரு கட்டை கவ்விப் பிடிக்கும். இடையில் ஒரு போல்ற், கையால் திருகும் காதுள்ள நட். மரம் விளிம்பின் வெளி ஓரம் வரை எட்ட வேண்டும், ஆனால் வெளியே துருத்தக் கூடாது. துருத்தினால் ஒழுங்கையில் வேலிக் கம்பியில் கொழுவும். கவ்வும் கட்டையின் உட்புறத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினால் வழுக்காது, விளிம்பும் உரசாது. படகைத் தூக்கும்போது நுகத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். விளிம்பைப் பிடித்து முதலில் தொடைக்கு ஏற்றி, மற்றக் கையால் எதிர் விளிம்பை எட்டிப் பிடித்து, முழங்காலால் ஓர் உந்து கொடுத்துத் தலைக்கு மேல் புரட்ட வேண்டும். அந்தப் புரட்டலின் முறுக்கில்தான் கிளாம்ப் தளர்கிறது. ஒவ்வொரு முறையும் தூக்குவதற்கு முன் இரண்டு நட்டையும் விரலால் சோதித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு போல்ற் ஒரு பருவத்தைக்கூடத் தாக்குப்பிடிக்காது. பித்தளை அல்லது துருவேறா உருக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தோள். நேர்த்தடி ஒன்றைக் கழுத்துக்குப் பின்னால் வைத்தால் எடை முழுவதும் கழுத்தடியில் புடைத்து நிற்கும் முள்ளெலும்பில் இறங்கும். எத்தனை அங்குல ஸ்பொஞ்ச் சுற்றினாலும் எலும்பு அதைக் கண்டுபிடித்துவிடும். எடை போக வேண்டிய இடம் கழுத்துக்கும் தோள் நுனிக்கும் இடையில் உள்ள தடித்த தசை. பெருவிரலால் அமர்த்திப் பாருங்கள்: கழுத்தருகே நாடி துடிக்கும் பகுதி வேண்டாம், வெளிப்பக்கம் எலும்பு தட்டுப்படும் பகுதியும் வேண்டாம், இடையில் அமுங்கிக் கொடுக்கும் பகுதிதான் மெத்தைக்கு உரியது. இரு பக்கத்து மெத்தைகளின் உள்விளிம்புகளுக்கு இடையே பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 8 அங்குலம் வரும். கடையில் விற்கும் நுகங்கள் சராசரித் தோளுக்குச் செய்தவை. ஒடுங்கிய தோள் உள்ளவர்களுக்கு மெத்தைகள் விலகி நின்று தோள் நுனியில் இறங்கும், அப்போது படகு பக்கவாட்டில் சரியும். நீங்கள் எழுதிய ‘வழுக்கல்’ இதனால் வருவதில்லை, உங்கள் தடியில் தோள் உட்காரக் குழியே இல்லை என்பதால் வருகிறது. ஆனால் புதிதாகச் செய்யும்போது இதே பிழையை வேறு வழியில் செய்துவிடக் கூடாது. மெத்தைகளை நகர்த்தக்கூடியதாக, மரத்தில் நீள்துளை போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். அளவெடுக்கும்போது உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டுதான் நடப்பீர்கள் என்றால் அதைப் போட்டபடியே அளவெடுங்கள். தோள்பட்டை தடித்த அங்கி ஒரு மெத்தையின் வேலையைத் தானே செய்துவிடும்.

தலை இடிப்பது வேறு பிரச்சினை, அதற்கு வேறு மருந்து. தனியாள் கனூக்கள் பொதுவாக ஆழம் குறைந்தவை, நடுவில் ஓர் அடி அளவுதான் இருக்கும். கவிழ்த்துத் தோளில் வைக்கும்போது தலை முழுவதும் அந்த ஓர் அடிக்குள் அடங்க வேண்டும், பின்னால் இருக்கையின் முன்விளிம்பு வேறு காத்திருக்கும். நீங்கள் தடியை முன்னால் தள்ளியது இதற்காகத்தான். அதன் விலையைத் தோள் கொடுக்கிறது. முன்னால் தள்ளுவதற்குப் பதிலாக உயர்த்துங்கள். விளிம்பின் மேல் உட்காரும் நுகத்தில் மரத்தின் தடிப்பும் மெத்தையின் உயரமும் சேர்ந்து, கவிழ்த்த படகை அந்த அளவுக்குத் தலையிலிருந்து மேலே தூக்கிவிடும். மெத்தைக்கு அடியில் இன்னொரு மரத்துண்டு வைத்தால் மேலும் ஓர் அங்குலம் கிடைக்கும். மூன்று அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் படகு தோளில் ஆடத் தொடங்கும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதுகுப்பை கொண்டு போவீர்களானால் அதன் மேல்முனை இருக்கையில் முட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இப்போது மெத்தை. மென்மையானது சுகம் என்பது கடையில் விரலால் அமர்த்திப் பார்க்கும்போது மட்டும் உண்மை. தளபாடத்துக்குப் போடும் மென்ஸ்பொஞ்ச் 20 கிலோவின் கீழ் ஒரு நிமிடத்தில் தட்டையாகிவிடும், பிறகு நீங்கள் மரத்தைத்தான் காவுகிறீர்கள். அடியில் இறப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்துக்குப் பயன்படும் வகையான, தண்ணீர் உறிஞ்சாத இறுக்கமான போம் ஒன்றரை அங்குலமும், மேலே அதைவிடச் சற்று மென்மையானது அரை அங்குலமும் போதும். ஓட்டோவுக்குக் குசன் தைக்கும் கடைகளில் இரண்டும் இருக்கும். அவர்கள் ரெக்சினில் உறையும் தைத்துக் கொடுப்பார்கள். எனக்கு ரெக்சினைவிடத் தடித்த கன்வஸ் பிடிக்கும். நம் வெயிலில் ரெக்சின் சுடும், வியர்வையில் வழுக்கும். தும்பு வேண்டாம், ஒருமுறை நனைந்து காய்ந்தால் கட்டிபட்டுவிடும். மெத்தையின் மேற்பரப்பு தட்டையாக இல்லாமல் தோளின் சரிவுக்கேற்ப வெளிப்புறம் சற்றுத் தாழ்ந்திருந்தால் நல்லது.

மரத்துக்கு வட அமெரிக்காவில் ஆஷ் மரத்தைத்தான் பெரிதும் விரும்புவார்கள். எடை மட்டு, உறுதி அதிகம், நடக்கும்போது சற்று வளைந்து கொடுத்து ஒவ்வோர் அடியின் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். (2002இல் அங்கே கண்டறியப்பட்ட ஒரு வண்டு அந்த மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுகொண்டிருப்பதால் அவர்களுக்கும் இப்போது நல்ல ஆஷ் அரிது.) நமக்கு அது தேவையில்லை. வண்டிச் சக்கர ஆரக்கால்களுக்கும் படகு வேலைக்கும் பெயர்பெற்ற பூவரசு வேலியெங்கும் நிற்கிறது. முற்றிய, நேரான துண்டு கிடைத்தால் அதுவே போதும். தேக்கும் நல்லது. பாலையும் முதிரையும் உறுதியில் குறைவில்லை, எடைதான் வீண். 30 அங்குல நீளம், இரண்டே முக்கால் அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்புள்ள துண்டு பூவரசில் முக்கால் கிலோவுக்குள் நிற்கும், பாலையில் ஒரு கிலோவைத் தாண்டும். பனஞ்சிலாகை வேண்டவே வேண்டாம்; சிராம்பு கழுத்தில் ஏறும். எந்த மரமாக இருந்தாலும் நார் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும், நடுப்பகுதியில் கணு இருக்கக் கூடாது. வார்னிஷ் பூசினால் வெயிலில் உரியும், எண்ணெய் ஊறவைப்பது பராமரிக்க இலகு.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. இனி வருபவை ஆளுக்கு ஆள் மாறுபவை. மெத்தையே இல்லாமல், தோளின் வளைவுக்குச் செதுக்கிய அகன்ற மர நுகம்தான் சிறந்தது என்று அடித்துச் சொல்லும் பழைய ஆட்கள் உண்டு. அது பொருந்துகிறவருக்கு மிகவும் பொருந்தும், பொருந்தாதவருக்குத் தண்டனை. செதுக்கிய பிறகு மாற்றவும் முடியாது. முதல் நுகமாக அதை நான் சொல்லமாட்டேன். நுகமே இல்லாமல் இரண்டு துடுப்புகளை முன் குறுக்குச் சட்டத்திலிருந்து பின் சட்டத்துக்கு நீளவாக்கில் கட்டி, அவற்றின் தட்டையான பகுதியைத் தோளில் வைத்துக் காவும் முறையும் உண்டு. உங்கள் படகில் இருக்கைக்கு முன்னும் பின்னும் சட்டங்கள் இருந்தால் ஒரு மாலை கட்டிப் பாருங்கள், செலவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டி அவிழ்ப்பது அலுப்பு. பிறகு தலைப்பட்டை: 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கனடாவின் உரோம வணிகப் படகோட்டிகள் 90 இறாத்தல் மூட்டைகளை இரண்டிரண்டாகத் தலையில் மாட்டிய தோல்பட்டையால் சுமந்தார்கள். அதையே நுகத்தில் கட்டித் தோளின் சுமையைத் தலைக்குப் பகிர்வது சிலருக்குப் பிடிக்கிறது. சிறு வயதிலிருந்து தலைச்சுமை பழகிய கழுத்துக்கு அது சரிப்படலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சும்மாடு வைத்துப் படகையே தலையில் காவலாமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். அப்படிக் காவும் மீன்கூடை குட்டையானது, தலையோடு சேர்ந்து திரும்பும்; 14 அடிப் படகின் நுனியைக் காற்று தள்ளினால் கழுத்து திருகும். வேண்டாம்.

காற்றைப் பற்றிக் கனடாவில் உள்ளவர்கள் அதிகம் பேசுவதில்லை, அவர்கள் காட்டுக்குள் நடக்கிறார்கள். உங்களுக்கு அது முக்கியம். சோளகம் அடிக்கும் மாதங்களில் அராலித்துறைப் பக்கம் திறந்த வெளிக்கு வந்ததும் கவிழ்த்த படகு வல்வெட்டித்துறைப் பட்டம் போல இழுக்கும். முன்விளிம்பை ஒரு கையால் பிடிப்பதற்குப் பதிலாக, முன் முனையிலிருந்தும் பின் முனையிலிருந்தும் தலா ஒரு கயிற்றைக் கொண்டுவந்து இரு கைகளிலும் பிடித்தால் திரும்புதலைக் கட்டுப்படுத்தலாம். காற்றுள்ள நாளில் அணியத்தைச் சற்றுத் தாழ்த்திப் பிடியுங்கள். ஒழுங்கை முடக்குகளில் பின்முனை வேலியைத் துடைத்துக்கொண்டு வரும், அகலமாகத் திரும்புங்கள். தாழ்ந்த முருங்கைக் கொப்புகளையும் மின்சார வயர்களையும் ஒருமுறை வெறுங்கையோடு நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இளைப்பாறப் படகை இறக்க வேண்டியதில்லை. அணியத்தை மதில் மேலோ பூவரசின் கவட்டிலோ சாய்த்து, பின்முனையை நிலத்தில் ஊன்றிவிட்டு அடியிலிருந்து வெளியே வரலாம். மறுபடி தூக்கும் உழைப்பு மிச்சம்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று சொல்லியாக வேண்டும். அரைக் கிலோமீற்றரில் பெரும்பகுதி தார்வீதி என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய சைக்கிள் சில்லுகள் இரண்டைப் பூட்டி ஒரு சிறு தள்ளுவண்டி செய்தால் வீதி முழுவதும் தோளுக்கு வேலையே இல்லை. காட்டுப்பாதையில் கல்லும் வேரும் வண்டியை விடாது என்பதால்தான் அங்கே நுகம். உங்களுக்கு நுகம் தேவைப்படுவது கடைசி நூறு இருநூறு மீற்றர் சேற்றுக்கும் மணலுக்கும் மட்டும். அதற்காக வெளிநாட்டிலிருந்து வருவித்துச் சுங்கமும் கூலியும் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. படகு வேலை தெரிந்த ஓடாவியார் ஒருவருக்கு ஒரு நாள் வேலை இது. மாமா அடுத்த முறை வரும்போது கிளாம்ப் சோடியை மட்டும் கொண்டுவரச் சொன்னால் போதும்.

இன்னொரு விடயம். கைவிரல்கள் விறைப்பதாக ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். தசை நோவு இரண்டு நாளில் போகும், அதைப் பற்றிக் கவலை இல்லை. கைக்குப் போகும் நரம்புகள் கழுத்திலிருந்து காறை எலும்புக்கு அடியால் இறங்குகின்றன. அங்கே அழுத்தம் விழுந்தால் விறைப்பு வரலாம். காவும்போது விறைத்தால் உடனே இறக்கி வையுங்கள். இறக்கிய பிறகும் விறைப்பு நீடித்தால் புதிய நுகம் செய்வதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள், அது என் எல்லைக்கு வெளியே.

கிளாம்ப் கட்டையின் அளவைச் சொல்ல எனக்கு மூன்று தகவல் வேண்டும்: விளிம்பு மரமா அலுமினியமா பிளாஸ்டிக்கா, அதன் தடிப்பு எவ்வளவு, சோக்குக் கோட்டுக்கு நேரே வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை படகின் அகலம் எவ்வளவு. அளந்து இங்கேயே எழுதுங்கள், ஓடாவியாரிடம் கொடுக்கக்கூடிய மாதிரி ஒரு படம் வரைந்து போடுகிறேன்.